சேர்வராயன் குகையில் ஒரு காலை

புற்றுநோய்க்கான நான்காவது கீமோ முடிந்து 18 நாள் ஆகியிருந்தது. வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும் இரண்டாவது வாரத்தில் கோயில், கூட்டம் எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை ஏறியதும், "சரி, இப்ப போயிட்டு வாங்க" என்றார். கூட்டமில்லாத புதன்கிழமையாகப் பார்த்து, சேலத்திலிருந்து ஏற்காட்டு மலை உச்சியிலுள்ள சேர்வராயன் குகைக்கோயிலுக்கு அக்காவும் நானும் கிளம்பினோம்.

எனக்குத் தூக்கம் போய்ப் பல வாரம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, பிள்ளைகள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டபடி கிடப்பேன். வீட்டில் அழவும் முடியாது. நான் அழுதால் அத்தனை பேரும் உடைந்துபோவார்கள். பார்க்க வருகிறவர்களில் சிலர், "எந்தச் சாமிக்குக் குறை வச்சியோ" என்று வேறு கேட்பார்கள். ஊசியைவிட அதுதான் வலித்தது. தயவுசெய்து எந்த நோயாளியிடமும் அப்படிக் கேட்காதீர்கள்.

மலையேற 20 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டல் வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏற்காடு ஏரியைத் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைக் கடந்து உச்சிக்குப் போனால் 5,326 அடி. இந்த மலைக்கே பெயர் தந்த சாமி சேர்வராயன். மே மாதத் திருவிழாவில் மலைக்கிராமத்து மக்கள் திரண்டுவிடுவார்கள். அன்று காற்று மட்டும்தான்.

அந்தக் காற்றில் தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃப் பறந்துவிட்டது. பூ விற்ற பாட்டி என் மொட்டைத் தலையைப் பார்த்து, "எந்தக் கோயிலுக்குக் கண்ணு முடி குடுத்த?" என்றார். அக்கா பதறிப்போனாள். "வேண்டுதல்தான் பாட்டி" என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. பாட்டியே ஸ்கார்ஃபை எடுத்து வந்து, மண்ணை உதறி, தலையில் கட்டிவிட்டார்.

குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். மருந்தால் மரத்துப்போன விரல்களுக்குப் பாறையின் குளிர்ச்சி மட்டும் நன்றாகத் தெரிந்தது. விளக்கொளியில் சேர்வராயன், பக்கத்தில் காவேரி அம்மன். இந்தக் குகை காவிரிவரை போகிறது என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. குணமாக்கு என்று கேட்கத்தான் வந்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது, "பயமா இருக்கு தாயே" என்பதுதான். அதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை. பூசாரி எதுவும் கேட்காமல் திருநீறு கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

சனிக்கிழமை அடுத்த கீமோ. போவேன். அந்தத் திருநீற்றைப் பொட்டலமாக மடித்து, ரிப்போர்ட் ஃபைலிலேயே வைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது வளைவுகளை எண்ணவில்லை. அடிவாரம் வந்து அக்கா தோளைத் தொட்டு எழுப்பியபோதுதான், தூங்கியிருக்கிறேன் என்பதே தெரிந்தது.