கார் இஞ்சின் மிஸ்ஸிங்: காயில இடம் மாத்திப் போட்டு கண்டுபிடிச்ச கதை

நான் சேலத்துல இருக்கேன், வண்டி 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், 80,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. கொஞ்ச நாளா மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிச்சுது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம இஞ்சின் தடுமாறுது. டவுனுக்குள்ள ஓட்டுனா பெருசா ஒண்ணும் தெரியாது, ஏற்காடு ரோட்டுல வளைவு ஏறும்போது ஆக்சிலரேட்டர அழுத்துனா போதும், குலுங்கிக் குலுங்கி ஏறும், பிக்கப்பே இருக்காது, டேஷ்போர்டுல இஞ்சின் செக் லைட் மினுக்க ஆரம்பிச்சுடும். அந்த லைட் விடாம எரிஞ்சா மெதுவா ஓட்டிட்டுப் போய் காட்டலாம், ஆனா மினுக்குச்சுன்னா அப்பவே ஆக்சிலரேட்டர விட்டுடணும், ஏன்னா எரியாத பெட்ரோல் வெளிய போய், புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல எரியும், அது ஓவரா சூடாகி உள்ளயே உருகிடும். அத மாத்துற செலவு இருக்கே, பொறிக்கு கரண்ட் குடுக்கற காயில், பொறி அடிக்கற பிளக் செலவெல்லாம் பக்கத்துலயே வர முடியாது.

ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டுனேன். நாலு காயில், நாலு பிளக், இன்ஜெக்டர் (பெட்ரோல் பீச்சறது) கிளீனிங், த்ராட்டில் பாடி (காத்து உள்ள விடறது) கிளீனிங், எல்லாம் சேத்து 20,000-க்கு மேல எஸ்டிமேட். எந்த சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் இல்ல. எது கெட்டிருக்குன்னு தெரியாமயே எல்லாத்தையும் மாத்தச் சொன்னா எப்படிங்க ஒத்துக்கறது? வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

எங்க ஏரியாவுல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு. அவரு வண்டியோட கோளாறு கோட படிக்கற சின்ன ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர மாட்டுனதுமே பி0303-னு கோட் காட்டுச்சு. கடைசி நம்பர்தான் சிலிண்டர், அதாவது மூணாவது சிலிண்டர். பி0300-னு வந்திருந்தா குறிப்பா ஒண்ணுன்னு சொல்ல முடியாது, மாத்தி மாத்தி மிஸ் ஆகுதுன்னு அர்த்தம், அப்ப பெட்ரோல் பிரஷர், எங்கயாவது காத்து இழுக்குதான்னு வேற பக்கமா தேடணும். நமக்கு ஒரே சிலிண்டர்ங்கறதால பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

"தம்பி, இப்ப எதையும் வாங்காதீங்க, இருக்கறதையே இடம் மாத்திப் போட்டுப் பாப்போம்"னாரு. சரிண்ணேன்னேன். மூணாவது காயில ஒண்ணுலயும் ஒண்ணாவத மூணுலயும் மாட்டி, கோட அழிச்சுட்டு ஏத்தத்துல ஒரு ரவுண்டு போனோம். இப்ப கோட் பி0301! காயில் போன இடத்துக்கே கோளாறும் போயிருக்கு, அப்ப காயில்தான். கோட் மூணுலயே நின்னிருந்தா அடுத்து பிளக்க இடம் மாத்தணும், அப்பறம் இன்ஜெக்டர், அதுலயும் அகப்படலேன்னா சிலிண்டர் அழுத்தத்த அளக்கற கம்ப்ரஷன் டெஸ்ட். இந்த வரிசையில போனா காசு வீணாகாது.

ஏத்தத்துல மட்டும் ஏன்னு கேட்டேன், அண்ணன் விளக்குனாரு. ஆக்சிலரேட்டர நல்லா அழுத்தும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்துல பிளக் இடைவெளிய பொறி தாண்டணும்னா வோல்டேஜ் அதிகம் வேணும், காயிலோ, பிளக் மேல உக்கார்ற அதோட ரப்பர் பூட்டோ (உறை) வீக்கா இருந்தா பொறி அந்தப் பக்கம் போகாம சைடுல லீக் ஆகி இஞ்சின் ஹெட்டுக்குப் போயிடும். கழட்டுன பிளக்கோட வெள்ளை பீங்கான்ல கறுப்பா ஒரு கோடு ஓடியிருந்துச்சு, கரண்ட் லீக் ஆன தடம் அதுதான்.

ஆனா எனக்கு முக்கியமா பட்டது அதுக்கு மேல. மூணாவது பிளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சா இஞ்சின் ஆயில் தேங்கி நிக்குது. டேப்பட் கவர் (இஞ்சின் மேல் மூடி) பேக்கிங்கோட வர்ற பிளக் டியூப் சீல் சூட்டுல காஞ்சு கசிஞ்சிருக்கு, அந்த ஆயில்லயே ஊறி பூட் உப்பிப்போய் காயில் போயிருக்கு. வெறும் காயில மட்டும் மாத்தியிருந்தா புது காயிலும் அதே ஆயில்லதான் ஊறியிருக்கும்.

ஆயில சிரிஞ்ச்ல ட்யூப் மாட்டி உறிஞ்சி எடுத்து, துணியால துடைச்சு, ஏர் அடிச்சு சுத்தம் பண்ணினப்பறம்தான் பிளக்க கழட்டுனாரு, இல்லேன்னா அவ்வளவும் சிலிண்டருக்குள்ள இறங்கிடும். இஞ்சினும் நல்லா ஆறியிருக்கணும், அலுமினியம் ஹெட்டு, சூட்டுல கழட்டுனா மரை போயிடும். பேக்கிங் செட், ஒரே ஒரு காயில், நாலு பிளக் வாங்குனோம். பிளக்குக்கு வயசாயிடுச்சுன்னுதான் நாலும். முடுக்கற அளவ காட்டுற டார்க் ரெஞ்ச் வெச்சு மேனுவல்ல போட்ட அளவுக்குதான் முடுக்குனாரு. இஞ்சினுக்குள்ள சேர்ற ஆவிய வெளியேத்துற பிசிவி வால்வையும் கழட்டி ஆட்டிப் பாத்தோம், கடகடன்னு சத்தம் வந்துச்சு, அடைப்பு இல்ல. அது அடைச்சிருந்தா இஞ்சினுக்குள்ள அழுத்தம் கூடி புது சீலையும் தள்ளி கசிய வெச்சிடும்.

எஸ்டிமேட்ல சொன்னதுல கால்வாசி கூட ஆகல. அப்பறம் ஏத்தத்துல ஸ்கேனரோடயே ஓட்டிப் பாத்தாச்சு, கோட் திரும்ப வரல. மத்த மூணு காயிலும் இன்னும் பழசேதான் ஓடுது.