நாக்கை எங்கே வைக்கணும்?

"இந்த எழுத்தைச் சொல்லும்போது உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் பேச்சுப் பயிற்சியாளர். ழ-வைத்தான் கேட்டார். 40 வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பதில் தெரியவில்லை. "நீங்களே பாருங்கள்" என்று வாயைத் திறந்தேன். அவர் சின்ன டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்த மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு இன்னும் திரும்பியிருக்கவில்லை.

ஆறு வயது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்தபின் தெளிந்துவிடுவாள். புது நாடு, புதுப் பள்ளிக்கூடம், மட்டம் போடப் பார்க்கிறாள் என்று நானே அதட்டியிருக்கிறேன். அப்புறம் நடை தள்ளாடியது. ஸ்கேனில் சிறுமூளையில் கட்டி. மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் இதுதான் அதிகமாம். 1925-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் மட்டும் வேனல் கட்டியும் கட்டி, இதுவும் கட்டி. ஊருக்குப் போன் போட்டு "தலைக்குள்ள ஒரு கட்டிம்மா" என்றேன். "கட்டிதானே, பழுத்தா உடைஞ்சிடும்" என்றாள் அம்மா. நான் திருத்தவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நானும் கொஞ்ச நாள் ஒளிந்துகொண்டேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். மறுநாள் ராத்திரி பேச்சு நின்றது. கண் பார்க்கிறது, சத்தமில்லை. அழுகை மட்டும் வந்தது, அதுவும் வேறு யாரோ அழுவதுபோல. சிறுமூளைக் கட்டியை எடுத்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி ஆகும், ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், பேச்சு மெதுவாகத் திரும்பும் என்றார் டாக்டர். முதலிலேயே கையெழுத்து வாங்கிய தாள்களில் எழுதியிருந்ததாம். இருந்திருக்கும்.

வீட்டில் தமிழ்தான் என்று சட்டம் போட்டவன் நான். வந்த எட்டு மாதத்தில் அவள் பதில் எல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. "தமிழ்ல கேட்டாத்தான் தருவேன்" என்று பொம்மையைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மொழியானாலும் சரி, ஒரே ஒரு வார்த்தை என்று கெஞ்சினேன். ஐந்து வாரம் ஓயாமல் பேசினேன். என் சின்ன வயசுக் கதைகள் தீர்ந்து, இல்லாத கதைகளும் தீர்ந்தன. ஒரு மத்தியானம், போர்வையைச் சரிசெய்துகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போ" என்றாள்.

என்னைத்தான். வார்டு முழுக்க ஓடி, என் மகள் என்னைப் போகச் சொல்லிவிட்டாள் என்று சொன்னேன். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று நர்ஸுக்குப் புரிய நேரமாயிற்று.

ப, ம எல்லாம் சீக்கிரம் வந்தன. ழ வரவில்லை. பயிற்சியாளருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும், வீட்டில் பேசும் மொழியிலும் பயிற்சி வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார். நுனி நாக்கை மேலே வளைத்து அண்ணத்தில் முட்டாமல் நிறுத்த வேண்டும் என்று என் வாயைப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். "மளை, மலை, மரை" என்று முயல்வார். மகள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலில் பழைய திமிர் கொஞ்சம் தெரிந்தது.

இங்கே பழகிவிட்டது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். எந்த லிஃப்ட் எந்த மாடிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கதிர்வீச்சு அறைக் கதவு மூடியதும் நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். ஆறு வாரம், சனி ஞாயிறு நீங்கலாக 30 நாள். அவள் முகத்துக்கென்றே வார்த்த வலைமூடியை மேசையோடு பூட்டிவிடுவார்கள். அசையக் கூடாது, உள்ளே அவள் மட்டும்தான். வெளியிலிருந்து மைக்கில் பேசலாம். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல் சறுக்கி வழுக்கிக் கீழே விழுந்தான்" என்று சொல்வேன். அப்பா என்னைத் திண்ணையில் நிறுத்தி இதைச் சொல்ல வைப்பார். நாக்கு பிசகினால் முதலிலிருந்து. கருவியை இயக்குகிறவர்கள் கடைசி வாரத்தில் "வாளைப்பளம்" வரை வந்துவிட்டார்கள்.

இப்போது கீமோ நடக்கிறது. தலையில் முடி இல்லாததால் அம்மாவுக்கு வீடியோ போடுவதில்லை, வெறும் போன்தான். போன ஞாயிற்றுக்கிழமை மகள் "பாட்டி, இங்க மயை பெய்யிது" என்றாள். ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, மூச்சு வாங்கி, நடுவில் நிறுத்தி.

அம்மா சிரித்தாள். "அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கிச்சாடா? வெள்ளைக்காரப் பிள்ளையாட்டம் இழுக்கிறாளே!"

"ஆமாம்மா, ஸ்கூல்ல பழகிட்டா" என்றேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பள்ளிக்கூடம் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.