கழற்றும்போதுதான் ஒட்டும்

2025 ஜூன் 3, செவ்வாய்

மழை பிடித்துவிட்டது. கினிகத்தேனைப் பக்கம் காலையிலிருந்து விடவேயில்லை, ஹட்டனில் பத்து மணிக்கும் லைட் போட்டுத்தான் வண்டி ஓடுகிறது. இனி இரண்டு மாதத்துக்கு எங்கள் 1990 ஆம்புலன்ஸ் எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பாதி "காய்ச்சல்" என்றுதான் இருக்கும், அதில் எது என்ன காய்ச்சல் என்பது லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் போய் நின்றால்தான் தெரியும்.

புதிதாக வந்த தம்பி ஒருவர் டெங்கு என்று கேட்டதுமே பாதுகாப்புக் கவுன், கண்ணாடி எல்லாம் எடுத்துவிட்டார். திருப்பி வைக்கச் சொன்னேன். டெங்கு நுளம்பால் பரவுவது, நோயாளியின் மூச்சால் நமக்கு வராது. கையுறை போதும். 2017இல் இலங்கை முழுவதும் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த மாதிரி வருடத்தில் கண்டதுக்கெல்லாம் கவுனைக் கிழித்துக்கொண்டிருந்தால் உண்மையில் தேவைப்படும் நாளில் பெட்டி காலியாக இருக்கும். டெங்குக்காரரிடம் பார்க்கவேண்டியது வேறு: காய்ச்சல் விட்ட பிறகு ஆள் சோர்ந்து, கைகால் சில்லிட்டு, பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டால் நின்று பேச நேரமில்லை. வீட்டுக்காரர்கள் "காய்ச்சல் விட்டிருச்சுங்க, இனி பயமில்ல" என்று சொல்வதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

ஜூன் 5, வியாழன்

இன்று பயிற்சி. கிருமி எங்கே ஒட்டுகிறது என்று காட்ட வெளிநாட்டில் ஒளிரும் பொடியும் புற ஊதா விளக்கும் வைத்திருப்பார்களாம். எங்களிடம் இருந்தது கடை மஞ்சள் தூளும் தேங்காயெண்ணெயும். குழைத்து கவுன் முன்பக்கமும் கையுறையிலும் பூசிக்கொண்டு, இப்போது கழற்று என்றார்கள்.

போடுவது யாருக்கும் வரும். கழற்றும்போதுதான் மாட்டுவோம். முதலில் கையுறை, உள்பக்கம் வெளியே வரும்படி. கை சுத்தம். கவுனின் முடிச்சைப் பின்னாலிருந்து அவிழ்த்து, முன்பக்கத்தைத் தொடாமல் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்ட வேண்டும். கை சுத்தம். கண்ணாடியைப் பின்பட்டியில் பிடித்து எடுக்க வேண்டும். மறுபடி கை சுத்தம். மாஸ்க் கடைசி, அதிலும் கீழ்வார் முதலில். எட்டு வருடமாக இந்த வேலை, எனக்குத் தெரியாததா என்றுதான் கழற்றினேன். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்! எப்போது தொட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. அப்புறம் மூன்று தரம் செய்தேன். மூன்றாவது தரமும் லேசாக இருந்தது.

அம்மா சட்டையைப் பார்த்துவிட்டு எந்தக் கோயிலுக்குப் போனாய் என்று கேட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

பைலட் அண்ணன் (எங்கள் வேலையில் ஓட்டுநருக்குப் பெயர் பைலட்) கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்துத் தாடி வளர்க்கிறார். என்95 மாஸ்க் தாடியின் மேல் உட்காராது, ஓரத்தால் காற்று போகும். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து இன்று சொன்னேன். ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 11, புதன்

காலையில் மழித்துக்கொண்டு வந்து நின்றார். "முருகனுக்கு மொட்டையா போட்டுக்குவோம்" என்றார், அவ்வளவுதான்.

ப்ளீச் கரைசல் அன்றன்றைக்குக் கரைக்கிறோம், நேற்றையது வீரியம் விட்டுவிடும். 5 வீதக் குப்பியில் அரை லீட்டருக்கு நாலரை லீட்டர் தண்ணீர், இரத்தம் கிடந்த இடத்துக்கு அது. பத்து நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு வெறும் தண்ணீரால் துடைக்காவிட்டால் ஸ்ட்ரெச்சர் கம்பி துருப்பிடிக்கும்.

இன்னொன்றும் எழுதி ஒட்டினோம்: யார் யாருக்குச் சின்ன வயதில் சின்னம்மை போட்டது என்று. எனக்கு ஏழு வயதில் வந்தது, அண்ணனுக்கு வந்ததேயில்லை.

ஜூன் 14, சனி

அழைப்பில் சொன்னது "காய்ச்சல், மூச்சு வாங்குது" மட்டும். பொகவந்தலாவைப் பாதையிலிருந்து மேலே ஏறிய லயம். காம்பரா (லயத்து அறை) வாசலில் வேப்பிலை. எங்கள் குளிருக்கு வேம்பு சரியாக வராது, யாரோ கீழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அண்ணனைப் படிக்கட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மாஸ்க்கும் கவுனும் போட்டு உள்ளே போனேன்.

முப்பது வயதிருக்கும். உடம்பெல்லாம் கொப்புளம், இரத்த ஒட்சிசன் 88 வீதம். பிள்ளைகளுக்கு லேசாகப் போய்விடும் அம்மை பெரியவர்களுக்கு வந்தால் சில பேருக்கு நுரையீரலில் இறங்கும். தாய் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாள் வந்திருக்கப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா தம்பி?" வாதாடவில்லை. வாசலில் இருந்து ஒரு கொத்து ஒடித்துத் தலைமாட்டில் வைத்தேன், தூக்க விட்டார்.

நாற்பது படி இறங்க வேண்டும். நாலு பேர் ஓடி வந்தார்கள். "அம்மை போட்டவங்க மட்டும் வாங்க" என்றதும் ஒருத்தர் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்! பக்கத்துக் காம்பராவில் ஒரு பெண் ஐந்து மாதம் என்று அப்போதுதான் தெரிந்தது, அவரை இங்கே வரவிடாமல் குடும்பநல மாதுவுக்கு உடனே சொல்லச் சொன்னேன்.

வண்டியில் ஜன்னல் திறந்து, பின்பக்க மின்விசிறி போட்டு, முன்பக்கத் தடுப்பை மூடிக்கொண்டுதான் வந்தோம். மூடுபனி உள்ளே வந்தது. "புள்ளைக்குக் குளிருது, மூடுங்க" என்று தாய் நாலு தரம் கேட்டார். என் ஜெர்சியைக் கொடுத்தேன், ஜன்னலை மூடவில்லை. வைத்தியசாலைக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வெளிநோயாளர் வரிசையைத் தொடாமல் பக்கக் கதவால் உள்ளே எடுத்தார்கள்.

கழற்றும்போது அண்ணன் ஆறடி தள்ளி நின்று கழற்றும் வரிசை எழுதிய அட்டையை வாசித்தார், ஒவ்வொன்றாக. கையுறை. கை. கவுன். கை. கண்ணாடி. கை. மாஸ்க்கின் மேல்வாருக்குக் கை போகும்போது "காது" என்றார். நிறுத்திக் கீழ்வாரைப் பிடித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அவருக்கு ஒட்சிசன் 93க்கு வந்திருக்கிறதாம். ஜெர்சி இன்னும் வார்டில்.