மூழ்கிய அணைகளின் மேல்: மிசிசிப்பி ஆற்றில் மே மாதம்

மே 16

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரெட் விங் நகருக்குக் கீழே, ஆறு பெப்பின் ஏரியைச் சேரும் முன்னர் உள்ள பகுதியில், விடியும் முன்பே படகை இறக்கினோம். தண்ணீர் 13 டிகிரி செல்சியஸ் இருந்தது. ஏப்ரலில் முட்டையிட்டு ஓய்ந்த வால்ஐ மீன்கள் இப்போது இரை தேடி ‘விங் டேம்’ எனப்படும் தாழ்ந்த கல்லணைகளுக்கு வந்து சேர்கின்றன. ஓட்டத்தை நடு ஆற்றுக்குத் தள்ளிக் கலங்களுக்கு ஆழம் தருவதற்காக, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பாறைகளையும் வில்லோ மர மிலாறுகளையும் அடுக்கிக் கரையிலிருந்து குறுக்காகக் கட்டியவை அவை. 1930-களில் பெரிய அணைகள் எழுந்து நீர்மட்டம் உயர்ந்தபின் இந்தக் கல்லணைகள் பெரும்பாலும் மூழ்கிவிட்டன. நீர்ப்பரப்பில் கோடாக எழும் சலசலப்புதான் அடையாளம். ஆனால் அணை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, ஓட்டம் வரும் திசையில், நீருக்கடியில் கிடக்கிறது. வால்ஐ நிற்பதோ அதற்கும் மேலே, ஓட்டம் பாறையில் மோதித் தணியும் முன்சரிவில். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வசந்தங்கள் ஆயின. ஈயத்தலைத் தூண்டிலை அந்தச் சரிவில் உருட்டியதில் வெயில் ஏறும்முன் மூன்று கிடைத்தன. 15 அங்குலம் எட்டாத ஒன்றை ஆற்றிலேயே விட்டோம்.

மே 17

இரவு பெய்த மழையில் ஆறு கலங்கிவிட்டது. ஒன்றும் கடிக்கவில்லை.

மே 23

தண்ணீர் 16 டிகிரி. கரையோரச் சரளையில், ஓட்டம் படாத பாறை மறைவுகளில், ஸ்மால்மவுத் பாஸ் மீன்கள் முட்டைகளுக்காக வாலால் துடைத்துச் செய்த வட்டக் குழிகள் வெளிறித் தெரிந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண் மீன் காவல் நின்றது. முட்டைகளைத் திரும்பிப் பாராமல் போய்விடும் வால்ஐயைப் போலன்றி, பாஸ் இனத்தில் தகப்பனே குஞ்சுகள் பிரியும்வரை காக்கிறது. அந்த நாட்களில் அது தூண்டிலைக் கவ்வுவது பசியால் அன்று, விரட்டுவதற்காக. என்னுடன் வந்த பெரியவர் அறியாமல் வீசிய தூண்டிலில் ஒன்று சிக்கியது. அவர் முள்ளைக் கழற்றி விடுவதற்குள் சிறு மீன்கள் குழியில் மொய்த்துவிட்டன. அதன்பின் அந்தக் கரைப்பக்கம் நாங்கள் வீசவில்லை.

மே 30

அந்தியில் மீண்டும் கல்லணைக்குச் சென்றோம். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் வால்ஐ மங்கலில் நன்றாகப் பார்க்கும். பொழுது சாய்ந்த அரை மணி நேரத்தில் நான்கு முறை கடித்தது. கடைசி மீனைத் தூக்கியபோது கைவிளக்கில் அதன் கண் வெண்மையாக ஒளிர்ந்தது. திரும்பும் வழியில் இயந்திரத்தை அணைத்து, கரையோரக் குழிகளைத் தாண்டும்வரை துடுப்பிட்டோம்.