ஜனவரி சோல்ட்ல கோட்டு வாங்கறதை விட பெட்ஷீட்டுதான் லாபம்

இங்க பிரான்ஸ்ல டிசம்பர் பாதி தாண்டினாலே வாட்ஸப்ல அதே கேள்விதான் வருது, "அக்கா சோல்ட் எப்போ, எந்தக் கடைக்குப் போகலாம், கோட்டு எவ்ளோக்கு கிடைக்கும்"னு. சோல்ட்னா இங்கத்த தள்ளுபடி சீசன். படிக்க வந்த பசங்க, கல்யாணம் ஆகி புதுசா வந்த பொண்ணுங்க, போன வருஷமே வந்து ஒரே ஜாக்கெட்டை வச்சு ஒப்பேத்தினவங்கன்னு ஆளாளுக்கு வாய்ஸ் நோட் அனுப்பி எனக்கு தொண்டை போயிடுது, அதனால இங்கயே எழுதிப் போட்டுடறேன், இனிமே யார் கேட்டாலும் லிங்க்தான்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நம்ம ஊர் ஆடித் தள்ளுபடியை மனசுல வச்சுக்கிட்டு வராதீங்க. ஆடியில யாரும் நல்ல காரியம் வைக்க மாட்டாங்க, துணி எடுக்க ஆள் வராது, ஆளை வரவழைக்கத்தான் தள்ளுபடி, அதுக்குன்னே தனியா சரக்கு இறக்கற கடையும் இருக்கு. இங்க பிரான்ஸ்ல கதை வேற. ஆளு எப்பவும் வருவான், சரக்கு போகணும், அதான் விஷயம். அதோட சோல்ட்ங்கறது இங்க சட்டப் புத்தகத்துல இருக்கற சமாச்சாரம், தேதியை கடைக்காரர் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஜனவரி ரெண்டாவது புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு ஆரம்பம், அந்தப் புதன் 12-ம் தேதிக்கு மேல போயிடுச்சுன்னா மொதல் புதனுக்கே இழுத்துடுவாங்க. 2025-ல 8-ம் தேதி, 2026-ல ரெண்டாவது புதன் 14-ல விழுந்ததால 7-ம் தேதியே ஆரம்பிச்சிடுச்சு. மொத்தம் 4 வாரம். முன்னாடி 6 வாரம் இருந்துச்சு, 2020-லேர்ந்துதான் குறைச்சாங்க. 2021-ல மட்டும் கொரோனாவால 20-ம் தேதிக்கு தள்ளிப் போச்சு.

மெட்ஸ், நான்சி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு ஜனவரியோட மொதல் வேலை நாள்லயே ஆரம்பிச்சிடும், லக்சம்பர்க், பெல்ஜியம், ஜெர்மனின்னு பார்டர் தாண்டி ஜனம் ஓடிடக் கூடாதில்ல. ரியூனியன் தீவுல இருக்கற நம்மாளுங்க கதை இன்னும் தமாஷ், அங்க குளிர்கால சோல்ட் செப்டம்பர்ல வருது, பூமிக்குக் கீழ்ப்பாதி ஆச்சே.

இந்த 4 வாரத்துல கடைக்கு ஒரு விசேஷ சலுகை உண்டு, வாங்கின விலைக்குக் கீழயே விக்கலாம். மத்த நாள்ல அப்படி நஷ்டத்துக்கு விக்கறது இங்க குத்தம், ஏதோ சில விதிவிலக்குதான். அதுக்குப் பதிலா ஒரு கண்டிஷன் இருக்கு, சோல்ட்ல வைக்கற சரக்கு குறைஞ்சது ஒரு மாசத்துக்கு முன்னாடியே கடையில வித்துக்கிட்டு இருந்திருக்கணும், கடைக்காரர் அதுக்கு காசும் கட்டியிருக்கணும், சோல்டுக்குன்னு புதுசா லாரியில கொண்டாந்து இறக்கக் கூடாது. பழைய விலையை அடிச்சுக் காட்டணும், அந்த அடிச்ச விலையும் முந்தின 30 நாள்ல இருந்த குறைஞ்ச விலையா இருக்கணும்ங்கறது 2022-லேர்ந்து வந்த ரூல். எல்லாரும் ஒழுங்கா நடக்கறாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா கேக்கறதுக்கு நம்ம கையில ஒரு சட்டம் இருக்குல்ல.

இப்போ கோட்டு. எல்லாரும் முதல் நாள் பாரிஸ்ல ஒஸ்மான் பூல்வார்ல போய் நிக்கறது இதுக்குத்தான், பிரான்த்தாம், கலெரி லஃபாயெத்னு ரெண்டு பெரிய கடையும் பக்கத்து பக்கத்துல இருக்கு, புறநகர் சார்செல்லேர்ந்து வர்றவங்க எர்எர் டே ரயில் புடிச்சு கார் து நோர் ஸ்டேஷன்ல எறங்கி, அப்படியே மஜெந்தா வழியா எர்எர் இ-ல ஏறினா ஒரே ஸ்டாப்ல ஒஸ்மான். பாதிக் கூட்டம் கலெரி லஃபாயெத்ல 1912-ல கட்டின அந்த கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழ நின்னு செல்ஃபி எடுக்கத்தான் வருது, அதுவும் ஒரு வகையில நல்லதுதான், அந்த நேரத்துல நீங்க மேல் மாடிக்குப் போயிடலாம். நமக்கு இதுல வசதி என்னன்னா, ஜனவரியிலயே அவங்களுக்கு வசந்தகால சரக்கு வந்து இறங்கிடும், மெல்லிசு சட்டை, லினன் பேன்ட் எல்லாம் வைக்க எடம் வேணும், கோட்டு தொங்கற கம்பி பூரா காலி ஆகணும். ஆனா குளிரு மார்ச் வரைக்கும் நம்மள விடாது. அவங்க காலண்டர் ரெண்டு மாசம் முன்னாடி ஓடுது, நம்ம ஒடம்பு இன்னும் ஜனவரியிலதான் நடுங்குது, அந்த இடைவெளிதான் நம்ம லாபம்.

ஆனா சைஸ் இருக்காது. 38, 40 எல்லாம் முதல் வாரத்துலயே போயிடும், ரெண்டாவது தெமார்க், அதாவது அடுத்த சுத்து விலைக்குறைப்பு, வந்து தள்ளுபடி 50 பர்சென்ட் ஆகறப்போ கம்பியில தொங்கறது 34-ம் 46-ம்தான், கலரும் யாரும் தொடாத கடுகு மஞ்சள். அதுக்கும் மேல, கார்த் ஃபிதெலித்தே, அதாவது கடையோட வாடிக்கையாளர் கார்டு, வச்சிருக்கறவங்களுக்கு டிசம்பர் கடைசியிலயே "வான்த் ப்ரிவே"ன்னு (அவங்களுக்கு மட்டுமான விற்பனை) தனியா மெயில் போயிடுது, 30 பர்சென்ட் தள்ளுபடியை கார்டு காட்டி அப்பவே வாங்கிட்டுப் போயிடறாங்க. நவம்பர்ல பிளாக் ஃப்ரைடே வேற வந்து பாதியை வழிச்சுடுது. அதனால கார்டு சும்மாதான் தர்றாங்க, டிசம்பர் தொடக்கத்துலயே ஒண்ணு போட்டு வச்சுக்குங்க.

கோட்டு எடுத்தா ரெண்டு விஷயம் பாருங்க. உள்பக்கம் இடுப்புகிட்ட தச்சிருக்கற சின்ன வெள்ளை பட்டியைத் திருப்பி லேன், அதாவது கம்பளி, எத்தனை பர்சென்ட்னு பாருங்க, வெளியில கம்பளி மாதிரி மொசுமொசுன்னு இருக்கும், உள்ள பாத்தா 20 பர்சென்ட் லேன், மிச்சம் பூரா பாலியெஸ்டர், அது உரசி உரசி ஒரு சீசன்ல முடிச்சு முடிச்சா உருண்டு போயிடும். 70-க்கு மேல இருந்தா கையில எடுங்க. தூதூன், அதாவது இறகு அடைச்ச உப்பின ஜாக்கெட்டுன்னா 90/10 இல்ல 80/20-னு ஒரு நம்பர் இருக்கும், முதல் நம்பர் மெத்துன்னு இருக்கற உள்தூவி, ரெண்டாவது காம்பு உள்ள இறகு. காம்பு ஜாஸ்தின்னா கனமாவும் இருக்கும், தையல் வழியா குத்திக்கிட்டு வெளிய வரும். அப்புறம் கணக்கு, 30 போட்டு அதுக்கு மேல கவுன்டர்ல இன்னொரு 20-ன்னு எழுதியிருந்தா அது 50 இல்லீங்க, 100 யூரோ 70 ஆகி, 70-லேர்ந்து 20 பர்சென்ட் போயி 56, ஆக மொத்தம் 44-தான் தள்ளுபடி. எனக்குத் தெரிஞ்சு இஞ்சினியரிங் படிச்ச பசங்களே இதுல ஏமாறுறாங்க.

சரி, நான் ஏன் பெட்ஷீட்னு தலைப்பு வச்சேன்னா, ஜனவரிங்கறது இங்க ஆதியிலேர்ந்தே பெட்ஷீட்டு மாசம். சேவ்ர் தெருவுல இருக்கற போன் மார்ஷேல அரிஸ்தித் பூசிகோன்னு ஒரு ஆளு, 1852-ல அந்தக் கடையில பங்குதாரரா வந்தவர், கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஜனவரியில கடை ஈ ஓட்டிக்கிட்டு இருந்தப்போ ஜன்னல் வழியா பனி கொட்டறதைப் பாத்து "வெள்ளை"ன்னு பொறி தட்டிச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதை நெசமோ இல்லையோ, அந்தக் காலத்துல படுக்கை விரிப்பு, மேசைத் துணி, துண்டு எல்லாமே வெள்ளைதான், ஜனவரி பூரா அதை மட்டும் குவிச்சு வச்சு மலிவா வித்திருக்காரு. மத்த கடைங்களும் புடிச்சுக்கிச்சு. இன்னிக்கும் "புளோன்"னு, அதாவது வெள்ளைன்னு, போர்டு வச்சு தனி மூலை போடறாங்க, கலர் கலரா இருந்தாலும் பேர் அதேதான். அதாவது வீட்டுத் துணிக்கு சோல்டும் உண்டு, சோல்டுக்கு முன்னாடியே வர்ற இந்த புளோன் ஆஃபரும் உண்டு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வர்றதால போட்டி அதிகம். கோட்டு மாதிரி 38, 40 பிரச்சினை இல்ல, மெத்தை சைஸ் தெரிஞ்சா போதும். கடைசி வாரம் வரைக்கும் நல்ல சரக்கு மிஞ்சும்.

இதை எனக்கு சொல்லிக் குடுத்தது எங்க அத்தை, மாமியார். மாமா பட்டாளத்துல இருந்தவர், பாண்டிச்சேரிலேர்ந்து எழுபதுகள்ல வந்தவங்க, அத்தை வந்த புதுசுல பிரெஞ்சு ரெண்டு வார்த்தை தெரியாம கைய வச்சே துணி வாங்கக் கத்துக்கிட்டாங்க. இன்னிக்கும் பாக்கெட்டைப் பாக்க மாட்டாங்க, பாக்கெட் மூலையில ஒரு சின்ன ஓட்டை வச்சிருப்பாங்கல்ல, அதுல விரலை விட்டு துணியை ரெண்டு தடவை தேய்ப்பாங்க, அப்புறம் லைட்டுக்கு நேரா தூக்கிப் பாப்பாங்க. போன தடவை நான் ஒரு செட்டை எடுத்து நீட்டி "அத்தை, இது 70 பர்சென்ட், எடுத்துக்கலாமா"ன்னு கேட்டேன், தடவிட்டு "வேணாம்மா, கஞ்சி போட்டிருக்கான், ரெண்டு தண்ணி கண்டா கொசுவலை"ன்னு வச்சுட்டாங்க.

அத்தைக்கு விரல் இருக்கு, நமக்கு நம்பர்தான். பாக்கெட்ல "57 ஃபில்" இல்ல "80 ஃபில்"னு போட்டிருக்கும், ஒரு சென்டிமீட்டருக்கு குறுக்கும் நெடுக்குமா சேத்து எத்தனை நூல் ஓடுதுங்கற கணக்கு. நம்ம ஊர் பாக்கெட்ல 144 டிசி, 200 டிசின்னு பாத்திருப்பீங்க, அது இஞ்ச் கணக்கு, இவங்க 57-தான் நம்ம 144, இவங்க 80-தான் நம்ம 200. ஆகையால 57-னு பாத்து ஐயோ கம்மியா இருக்கேன்னு பதற வேணாம், தினப்படிக்கு அதுவே போதும், ஆனா தள்ளுபடி காலத்துல 80 பெர்கால் ஏறக்குறைய 57 விலைக்கு எறங்கி வரும், அப்போ அதைத்தான் எடுக்கணும். பெர்கால்னா நெருக்க நெசவு, மொறமொறன்னு வேட்டி மாதிரி இருக்கும். சத்தேன் வழவழப்பு, எனக்கு புடிக்கும், அத்தைக்கு ஆகாது, "வழுக்குது"ம்பாங்க. துண்டுக்கு கிராம் பாருங்க, சதுர மீட்டருக்கு 500-க்கு மேல இருந்தா நல்லா தண்ணி குடிக்கும், 600 தாண்டினா இந்தக் குளிர்ல பால்கனி இல்லாத வீட்டுல ரெண்டு நாளானாலும் காயாது, அதையும் யோசிச்சுக்குங்க.

மெத்தை அளவை வீட்டுலயே டேப் வச்சு எடுத்துட்டுப் போங்க, 140-க்கு 190 இருக்கு, 160-க்கு 200 இருக்கு, உயரமும் முக்கியம், மெத்தை தடிமனா இருந்தா திராப் ஊஸோட (மூலையில எலாஸ்டிக் வச்ச பெட்ஷீட்டு) மூலை ராத்திரி பட்டுனு கழண்டு வந்துடும், பாக்கெட்ல "போனே 30"னு இருந்தா 30 சென்டிமீட்டர் ஆழம். தலையணை உறை வாங்கும்போது 65-க்கு 65 சதுரமா இல்ல 50-க்கு 70-ஆன்னு பாருங்க. ஊருக்குக் கொண்டு போக நிறைய பேர் இதை வாங்கறாங்க, சதுர உறையை நம்ம ஊர் தலையணைக்குப் போட்டா ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு நிக்கும். ஊருக்கு துண்டு வாங்குங்க, அதுலயும் பட்டியைத் திருப்பிப் பாருங்க, சிலது இந்தியாவுல செஞ்சதாவே இருக்கும், அதை 23 கிலோ பெட்டியில அடைச்சு திரும்ப இந்தியாவுக்கே தூக்கிட்டுப் போய் "ஃபாரின் டவல்"னு குடுத்திருக்கேன், யாரும் பட்டியைப் பாக்கல.

பாத்திரத்துக்கும் இதே மாசம்தான் நல்ல மாசம். வார்ப்பிரும்பு கொகோத்துங்க, அதாவது மூடி போட்ட கனமான சட்டிங்க, எல்லாம் கலரை வச்சுதான் விலை எறங்குது, கடையில அடுத்த வருஷம் வராத கலர் எதுவோ அதைத்தான் தள்ளி விடுவாங்க, இரும்பு அதே இரும்புதான், பிரியாணிக்கு தம் போட ஆரஞ்சு கலரா இருந்தா என்ன பச்சையா இருந்தா என்ன. அடியில இன்டக்‌ஷன் குறி இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க, சுருள் கம்பி மாதிரி படம் போட்டிருக்கும். எனாமல்ல உள்பக்கம் நகம் அளவுக்கு பேத்துக்கிட்டு இருந்தாக்கூட எவ்ளோ சீப்பா குடுத்தாலும் வேணாம்.

ஒரு கடையில, பேர் வேணாம், பெட்ஷீட் செட் வாங்கி வீட்டுல பிரிச்சா ரெண்டு உறையும் ரெண்டு வேற சைஸ். எடுத்துட்டுப் போனா கவுன்டர்ல இருந்த பொண்ணு "சோல்ட் சரக்கு, மாத்தித் தர மாட்டோம் மதாம்"னு சுவத்துல ஒட்டியிருந்த பேப்பரைக் காட்டுது. அந்தப் பேப்பர் மனசு மாறி திருப்பிக் குடுக்கறவங்களுக்குத்தான் செல்லும், கலர் புடிக்கல, சைஸ் பத்தலன்னா கடையில வாங்கினதை அவங்க இஷ்டப்பட்டாதான் வாங்குவாங்க. குறையுள்ள சரக்குக்கு அது செல்லாது, சோல்டா இருந்தாலும் முழு விலையா இருந்தாலும் 2 வருஷ சட்டப்படியான கியாரண்டி உண்டு. நான் சத்தம் போடல, "கரந்தி லெகால்"னு ரெண்டு வார்த்தை சொல்லி, மேனேஜரை கூப்பிடுங்கன்னேன், அவர் வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம புது செட்டை எடுத்துக் குடுத்துட்டாரு. பில்லை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஆன்லைன்ல வாங்கினா கதையே வேற, சும்மா புடிக்கலன்னாலே 14 நாளைக்குள்ள திருப்பலாம், சோல்டுக்கும் அது உண்டு.

எந்த நாள் போறதுன்னு கேட்டா, கோட்டு கண்டிப்பா வேணும்னா முதல் நாளே லீவு போட்டுட்டுப் போங்க, வேற வழியில்ல. வீட்டுச் சாமானுக்கு பொங்கல் கழிஞ்சு ஒரு வார நாள் காலைல போனா கூட்டமும் இருக்காது, ரெண்டாவது தெமார்க்கும் விழுந்திருக்கும், முடிச்சுட்டு அப்படியே நம்ம தமிழ்க் கடைங்க இருக்கற லா ஷபெல் வந்து ஒரு தோசை சாப்ட்டு கறிவேப்பிலை வாங்கிட்டுப் போயிடலாம். சனிக்கிழமை மதியம் மட்டும் போகவே போகாதீங்க, குழந்தை வண்டியோட எஸ்கலேட்டர்கிட்ட மாட்டிக்கிட்டீங்கன்னா அன்னிக்கு பொழுது போச்சு.

என் லிஸ்ட்ல இந்த வருஷம் 80 பெர்கால்ல 160 அளவு ஒரு செட்டு, பையனுக்கு ஒரு தூதூன், அவ்ளோதான். அத்தை லிஸ்ட் இன்னும் கைக்கு வரல, எப்படியும் அதுல நாலு துண்டு இருக்கும்.