எவ்வளவு பிடிக்கும் என்பது இரண்டாவது கேள்வி

கரியமில வாயுவைப் பிடிக்கும் பொருள் செய்கிறேன் என்று சொன்னால், "எவ்ளோ புடிக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் துறைக் கட்டுரைகளும் அதையேதான் கேட்கின்றன: ஒரு கிராம் பொருளுக்கு எத்தனை மில்லிமோல் (வாயுவின் அளவைச் சொல்லும் அலகு)? அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கம் வேலைக்கு வந்தபிறகு அந்த எண்ணின் மேல் எனக்கு இருந்த மயக்கம் போய்விட்டது.

அனல்மின் நிலையப் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 சதவீதம். மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். கூடவே நீராவி, ஆக்சிஜன், கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு, மின்புலத்தால் தூசியைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி.யிலும் சிக்காத சாம்பல் தூசி. சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த வாயுவில் 13எக்ஸ் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் பிரமாதமாக வேலை செய்யும். ஈரப் புகையைக் காட்டினால் முதல் பந்தியில் தண்ணீர் உட்கார்ந்துவிடும். கரியமில வாயுவுக்கு இலை கிடைக்காது. புகை வரைக்கும் போவானேன்? எண்ணூர்க் கடற்காற்றில் பாட்டிலைத் திறந்து எடை போட்டால், தராசில் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டும், 2025-இல் வேதியியல் நோபல் பெற்ற உலோக-கரிமச் சட்டகங்களிலும் ஈரத்தில் உருக்குலைபவை உண்டு. அவற்றில் துத்தநாகத்தால் ஆன கால்ஃப்-20 என்பது தாங்குகிறது. பிடிப்பளவில் அது முதலிடம் இல்லை. இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

நாங்கள் செய்வது இன்னும் எளிமையானது. உலைச் சாம்பலிலிருந்து சிலிக்காவைப் பிரித்து, அதன் நுண்துளைகளில் அமீனை, அதாவது கரியமில வாயுவோடு ஒட்டிக்கொள்ளும் நைட்ரஜன் சேர்மத்தை, ஏற்றுகிறோம். ஈரம் இதைக் கெடுப்பதில்லை, சில சமயம் உதவவும் செய்கிறது. கந்தகம்தான் எமன். அமீனோடு ஒட்டினால் சூடாக்கினாலும் லேசில் விடாது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பார்கள்; மாதக்கணக்கில் ஓட வேண்டிய பொருளுக்கு அந்தக் குறைவே அதிகம்.

பிடித்ததை விடவும் வேண்டுமே! திரவ அமீன் என்றால் 120 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அதற்கான நீராவியை டர்பைனிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதை விளக்கியதும் பாய்லர் ஆபரேட்டர் அண்ணன் ஒருவர், "அப்போ எங்க லோடு குறையும். அத்த யாரு ஈடு கட்டுறது?" என்றார். பொருளின் தரத்தை அளக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

அவரிடமே இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு லோடில் ஒரு நாள் ஓடினால் சுமார் 5,000 டன் கரியமில வாயு வெளியேறும். தூத்துக்குடியில் பாய்லர் புகையிலிருந்து பிடித்துச் சோடா உப்பு செய்ய 2016-இல் அமைத்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 60,000 டன். நம் யூனிட்டுக்கு அது 12 நாள்.

"இன்னா மேடம், சாம்பலு கொட்டவே எடம் இல்ல. மிச்சத்த எங்க கொண்டு போவீங்க?"

பூமிக்கு அடியில் ஆழத்தில் செலுத்துவது பற்றிச் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. எனக்கும் பாதிதான்.