சமயபுரத்துக்குப் போகும் நோட்டில் என் பக்கம்

நாளை விடியற்காலை நாலரை மணிக்கு வேன். அத்தை சமயபுரம் போகிறார். வழக்கம்போல் தெருவில் பாதிப் பேருடைய கோரிக்கைகள் அவருடைய நாற்பது பக்க நோட்டில் ஏறிவிட்டன. மாடி வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கல், இஸ்திரிக்காரர் மகளுக்கு வரன், என் மனைவிக்கு முழங்கால், பையனுக்குக் கணக்கு. நேற்று இரவு நான் மூன்றாவது தோசையைப் பிட்டபோது என் முறை வந்தது.

“மாப்பிள்ளை, உங்களுக்கு என்ன எழுத? ஒன்றுதான் சொல்ல வேண்டும். போன தடவை ஐந்து சொன்னீர்கள். வரிசையில் நின்று ஒப்பிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.”

“நம் ஊர் அணி கோப்பை வாங்க வேண்டும், அத்தை.”

“எந்த அணி?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

வாயில் முதலில் வந்தது சூப்பர் கிங்ஸ்தான். மஞ்சள் உடுத்திக்கொண்டு போகிறவரிடம் சொல்லிவிட வசதியான அணி. ஆனால் 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து ஐபிஎல் கோப்பை ஆகிவிட்டது. ஆறாவது என்பது கல்யாணத்தில் வரும் ஆறாவது குத்துவிளக்கு மாதிரி. வாங்கும்போது சந்தோஷம், வைக்க இடம் தேட வேண்டும். 2025இல் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தபோது நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது உண்மை. இருந்தாலும் கோடீஸ்வரனுக்குக் கடன் கேட்டுக் கோயிலுக்குப் போகக் கூச்சமாக இருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கலை மனைவி எடுத்துவிட்டாள். 2023 இறுதிப்போட்டி. மழை பெய்து, நின்று, மணி ஒன்றரையைத் தொட்டு, இரண்டு பந்தில் பத்து ரன் என்று நின்றது. ஜடேஜா சிக்ஸர் அடித்தார். மிச்சம் ஒரு பந்து, நான்கு ரன். அந்த அரை நிமிட இடைவெளியில் நான் சமயபுரத்தாளுக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டேன். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டது. நான் இன்றுவரை சமயபுரத்தைத் தொடவில்லை.

“பழைய பாக்கி அப்படியே நிற்கிறது, அம்மா. அதைச் செலுத்த இவரிடம் இப்போது என்ன இருக்கிறது, பார்” என்று என் தலையைக் காட்டினாள்.

அத்தை பார்த்தார். நிதானமாக, ஜாமீன் சொத்தை மதிப்பிடும் வங்கி அதிகாரியைப்போல் பார்த்தார். “காதோரம் கொஞ்சம் இருக்கிறதே” என்றார்.

பேச்சை மாற்றச் சென்னையின் எஃப்சிக்குத் தாவினேன். ஆனால் கால்பந்தில் எனக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் வீட்டு சோபா பதினைந்து நாள் மொட்டைமாடியில் காய்ந்தது. இப்போதும் மழைநாளில் அதன்மேல் உட்கார்ந்தால் அடையாறு வாசம் வரும். சென்னையில் ஆட இடமில்லாமல் அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். கோவா இறுதிப்போட்டியில் 87ஆவது நிமிடம் 1–2 என்று பின்தங்கி, கடைசியில் எதிரணிக் கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே ஒன்றைத் தள்ள, அடுத்து மெண்டோசா ஒன்று போட, 3–2. தரையில் பாய் விரித்துப் பார்த்த ஆட்டம். 2018இல் பெங்களூருக்கே போய் இன்னொரு கோப்பையும் வாங்கிவந்தார்கள். இதற்கு மேல் கேட்டால் பேராசை.

“தலைவாஸ், அப்பா, தலைவாஸ்!” என்று பையன் கத்தினான். கணக்குக்காக எழுதிய வரியை அடித்துவிட்டுக் கபடியை எழுதச் சொல்லும் அளவுக்கு அவனுக்கு வெறி. நியாயம் அவன் பக்கம்தான். கபடி நம் மாநில விளையாட்டு. 2017இல் வந்த தமிழ் தலைவாஸ் எட்டிய அதிகபட்ச உயரம் 2022இன் அரையிறுதி. அதே ஆண்டு பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போய்விட்டது. என் மனைவியின் முழங்காலுக்குத் தைலம் வாங்கவே நான் நான்கு கடை விலை விசாரிக்கிறவன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆனால் பேனாவுடன் ஒருவர் எதிரே உட்கார்ந்து ‘ஒன்றே ஒன்று’ என்று கேட்கும்போது, உள்ளே இருப்பது வெளியே வந்துவிடுகிறது.

“ரஞ்சிக் கோப்பை, அத்தை. தமிழ்நாடு.”

வீடே சிரித்தது. சிரிக்கட்டும். உள்நாட்டு மாநில அணிகள் மோதும் இந்தக் கிரிக்கெட் கோப்பையில் நமக்குக் கிடைத்தது 1954–55இல் ஒன்று, 1987–88இல் ஒன்று. ரஞ்சியின் முதல் ஆட்டமே 1934இல் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. கல்யாண மண்டபத்தைக் கொடுத்தவனுக்கு இரண்டு பந்திதான் சாப்பாடு. விதர்பா மூன்று முறை வாங்கிவிட்டது. நாம் இறுதிப்போட்டிவரை போவோம், அங்கே யாராவது ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்ய மறுப்பவரைப்போல் ஆடுகளத்தில் குடியேறிவிடுவார். 2012இல் சேப்பாக்கத்திலேயே ராஜஸ்தானின் வினீத் சக்சேனா, 257. 2015இல் கர்நாடகத்தின் கருண் நாயர், 328. சேப்பாக்கத்து ரஞ்சி ஆட்டங்களை நான் காக்கைகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காவலர்களைக் கழித்தால் காக்கைதான் பெரும்பான்மை. ஜெயித்தாலும் திறந்த பஸ் ஊர்வலம் வராது, பட்டாசு வெடிக்காது. என்னைப்போல் நூறு பேர் அவரவர் வீட்டில் தனியாக எழுந்து நின்றுவிட்டு உட்காருவார்கள். அந்த நூறு பேருக்காகத்தான் கேட்கிறேன்.

அத்தை எழுத ஆரம்பித்தார். விவரம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. “இறுதிப்போட்டி ஐந்து நாள், அத்தை. ஆட்டம் டிராவானால் முதல் இன்னிங்ஸில் கூடுதல் ரன் எடுத்தவர்களுக்குத்தான் கோப்பை. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.”

“ஐந்து நாள் ஆடியும் முடியவில்லை என்றால் அதற்கு ஆத்தா என்ன செய்வாள்?” என்றார். பிறகு, “கடைசியாக எப்போது ஜெயித்தார்கள்?”

“1988. சேப்பாக்கத்தில். ஒரு இன்னிங்ஸ், 144 ரன் வித்தியாசம். எனக்கு ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை; அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார் அப்பா. அதனால்தான்...”

“யாரைத் தோற்கடித்தார்கள்?”

“ரயில்வேயை.”

பேனா நின்றுவிட்டது.

மாமா பெரம்பூர் லோகோ ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். எனக்கு அது தெரியாததா? தெரியும். இந்த இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

“லீவு போட்டுவிட்டுப் போனார்” என்றார் அத்தை. “டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் திறக்காமலே திரும்பி வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன்? நானா போய்ப் பந்து போட்டேன்?”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்று ஓடியது. மாமாவும் நானும் பதினேழு வருடம் அந்தச் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தோம். நான் 88 கதையை எடுக்கும்போதெல்லாம், “மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன், மாப்பிள்ளை” என்று எழுந்து போவார். தொட்டி நிரம்பி வழிந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பொறுப்பான மனிதர் என்று அலுவலகத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். எத்தனை தடவை அந்த மனிதரைக் கொல்லைப்புறம் அனுப்பியிருக்கிறேனோ.

அத்தை அதற்குப் பிறகு எதுவும் பேசாமல் நோட்டை மூடிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

இன்று சாயங்காலம் அவர் பூ வாங்கப் போனபோது, பார்க்கக்கூடாதுதான், எடுத்துப் பார்த்தேன். மாடி வீட்டுக் கல்லுக்குக் கீழே என் பெயர்.

‘மாப்பிள்ளைக்கு ரஞ்சிக் கோப்பை. ஐந்து நாள். ரயில்வேயோடு மட்டும் வேண்டாம். மற்றபடி யாராக இருந்தாலும் சரி. முடி பாக்கியை அடுத்த மாதம் நேரில் வந்து தருவார்.’

எதிரணி கர்நாடகமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒருவருக்கு ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார்.